காந்தி சிலையடியில் ஐந்து உடல்கள்: ஒளிப்படம் சொன்னதும் சொல்லாததும்

ஒரு கொலை நடந்த பின்னர் அரச தரப்பிலிருந்து வெளிவரும் முதல் அறிக்கை பெரும்பாலும் நாலு வரிகளுக்கு மேல் நீள்வதில்லை. எங்கே, எப்போது, எத்தனை பேர், எவரால் என்று அது சொல்லிவிடும். செய்தி மேசையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்கு அந்த நாலு வரிகளின் பலம் தெரியும். மறுநாட் காலையில் அவையே தலைப்பாகும். அடுத்த வாரம் அவையே வரலாறாகும். கொல்லப்பட்டவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. கண்ணால் கண்டவர் வாய் திறக்க அஞ்சுவார். மறுப்பு எப்போதாவது வந்தாலும், அதற்குள் பத்திரிகையில் இடமும் வாசகர் மனதில் இடமும் நிரம்பிப்போயிருக்கும்.

இந்த ஓட்டத்தில் அரச அறிக்கையை இரண்டே நாட்களில் முந்திய ஒரு நிகழ்வு திருகோணமலையில் நடந்தது. முந்தியது ஒரு செய்தியாளரின் ஒளிப்படங்கள். அந்தப் படங்கள் எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்பதை இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகின்றேன். காரணம், அவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றோம். அந்தக் குழப்பத்தால் இலாபம் அடைபவர்கள் கொலையாளிகளே.

2006 ஜனவரி 2

காலத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2002இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்பாடு காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்தது. 2005 டிசம்பர் 25ஆம் திகதி, மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தில் நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு எட்டு நாட்களின் பின்னர், 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே இளைஞர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தனர். இருபதை ஒட்டிய வயதினர்.

திருகோணமலை நகரை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கோணேசர் மலை, அதன் அடிவாரத்தில் படைமுகாமாக விளங்கும் பிரெட்றிக் கோட்டை. நகரைச் சுற்றிக் கடற்படை. வீதிக்கு வீதி காவலரண்கள். வெளியாள் ஒருவர் ஆயுதத்தோடு வந்து, ஆற அமர ஐந்து பேரைக் கொன்றுவிட்டு, எவர் கண்ணிலும் படாமல் மறையக்கூடிய இடமல்ல அது.

இரவு ஏழரை மணிக்குப் பின்னர், அவ்வழியே சென்ற முச்சக்கரவண்டி ஒன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. இளைஞர்கள் காயமடைந்தனர். சிறிது நேரத்தில் சீருடையணிந்தோர் வந்தனர். பின்னர் துப்பாக்கி வேட்டுகள் கேட்டன. மனோகரன் ரஜீகர், யோகராஜா ஹேமச்சந்திரா, லோகிதாசன் ரொஹான், தங்கத்துரை சிவானந்தா, சண்முகராஜா கஜேந்திரன் ஆகிய ஐவர் இறந்தனர். வேறு இருவர் காயங்களோடு உயிர் தப்பினர்.

ரஜீகரின் தந்தை வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன். படையினர் தம்மைச் சூழ்ந்திருப்பதாகத் தன் மகன் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினார் என்றும், தாம் அவ்விடத்துக்கு விரைந்தபோது காவலரணில் தடுக்கப்பட்டதாகவும், கடற்கரை விளக்குகள் அணைந்ததையும் அதன்பின் எழுந்த வேட்டொலியையும் கேட்டதாகவும் அவர் பின்னாளில் சாட்சியமளித்தார். பிரேத அறையில் மகனின் உடலைக் கண்ட அவரிடம், மகன் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என எழுதிய தாளில் கையொப்பமிட்டால் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கூறப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார். அவர் ஒப்பமிட மறுத்தார்.

அந்தத் தாளின் நோக்கம் வெளிப்படையானது. அரச தரப்பின் முதற் கூற்று அதற்குள் வெளிவந்துவிட்டது: இளைஞர்கள் படையினரைத் தாக்கக் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்து அவர்களே இறந்தார்கள் என்பது அதன் சாரம். தந்தையின் கையொப்பமும் கிடைத்திருந்தால் அந்தக் கூற்று முழுமை பெற்றிருக்கும்.

படங்கள் நிறுவியவை

சுப்பிரமணியம் சுகிர்தராஜன் திருகோணமலையில் 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர். எஸ்.எஸ்.ஆர். என்று அறியப்பட்டவர். துறைமுகத்தில் தொழில் பார்த்துக்கொண்டே செய்தி எழுதியவர். மாகாணச் செய்தியாளர்கள் பலரின் நிலை அதுதான். செய்தி எழுதி மட்டும் குடும்பம் நடத்த இயலாது. அவர் வைத்தியசாலையில் ஐந்து உடல்களையும் படமெடுத்தார். படங்கள் பத்திரிகையில் வெளிவந்தன.

அப்படங்களைப் பார்த்த எவருக்கும் தெரிந்தது, தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன என்பது. இதன் பொருளைச் சரியாக உணரக் காயங்களைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும்.

கைக்குண்டு வெடிக்கும்போது அதன் உறை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகச் சிதறி நாலாபக்கமும் பாய்கின்றது. அவை ஏற்படுத்தும் காயங்கள் ஒழுங்கற்றவை. பலவாக, சிறிதும் பெரிதுமாக, குண்டு வெடித்த திசையை நோக்கிய உடற்பகுதியில் பரவிக் கிடக்கும். தரையில் விழுந்து வெடித்திருந்தால் கால்களும் தொடைகளுமே அதிகம் சிதையும். கையில் வைத்திருக்கும்போது வெடித்திருந்தால் அந்தக் கையே மிஞ்சாது. துப்பாக்கிக் குண்டின் வழி வேறு. அது உட்புகும் இடத்தில் பெரும்பாலும் சிறிய வட்டத் துளையும், அதைச் சுற்றித் தோல் உராய்ந்த வளையமும் இருக்கும். வெளியேறும் இடம் பெரிதாகக் கிழிந்திருக்கும். மிக அருகிலிருந்து சுடப்பட்டிருந்தால் துளையைச் சுற்றிக் கரியும் வெடிமருந்துப் புள்ளிகளும் படியும். இந்த வேறுபாட்டைக் காண வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு தெளிவான படம் போதும்.

பிரேத பரிசோதனை அதையே உறுதி செய்தது. மூவர் தலையில் பாய்ந்த குண்டுகளாலும், இருவர் மார்பிலும் வயிற்றிலும் பாய்ந்த குண்டுகளாலும் இறந்தனர். ஒருவர் கைக்குண்டைச் சுமந்து சென்று தற்செயலாக வெடிக்க வைத்தால் மூன்று பேரின் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்வதற்கு வழியில்லை. அரச தரப்பின் முதற் கூற்று அங்கேயே விழுந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்தக் கூற்றில் பாதி உண்மை. கைக்குண்டு ஒன்று உண்மையாகவே வெடித்தது. இளைஞர்கள் அதனால் உண்மையாகவே காயப்பட்டார்கள். முழுப் பொய்யைக் காட்டிலும் பாதி உண்மை வலியது. சரிபார்க்க வருபவரிடம் ஒரு பாதியைக் காட்டி மறுபாதியையும் நம்பச் சொல்லலாம். படங்கள் இல்லாதிருந்தால் கைக்குண்டுக் காயங்கள் மட்டும் பேசப்பட்டிருக்கும். அந்த வாய்ப்பைத்தான் சுகிர்தராஜன் அடைத்தார்.

படங்கள் வெளிவந்து மூன்று வாரங்கள் கழியுமுன், 2006 ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்ல பேருந்துக்குக் காத்திருந்தபோது சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடமும் ஆளுநர் செயலகத்துக்கு அருகே, காவல் மிகுந்த பகுதிதான். அவர் கொல்லப்பட்டதற்கு முதல்நாள், துணை ஆயுதக் குழுக்களின் செயல்கள் பற்றிய அவரது கட்டுரை வெளியாகியிருந்தது. படத்துக்காகவா கட்டுரைக்காகவா என்று நீதிமன்றம் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

'எப்படி' என்பதிலிருந்து 'யார்' என்பதற்கு

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகின்றேன். சுகிர்தராஜனின் படங்கள் 'எப்படி இறந்தார்கள்' என்ற கேள்விக்கு விடை சொல்லின. 'யார் கொன்றார்கள்' என்ற கேள்விக்கு அவை விடை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. துளையைக் காட்டும் படத்தில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கியைப் பிடித்த கையும் இல்லை. முதற் கேள்வியில் தோற்ற அரசு, அத்தோல்வியை ஓசைப்படாமல் ஏற்றுக்கொண்டு, போட்டியை இரண்டாவது கேள்விக்கு நகர்த்தியது. அங்கே படம் இல்லை. சாட்சிகள் மட்டுமே இருந்தனர். சாட்சிகளை அச்சுறுத்த முடியும்.

பின்னர் நடந்தவை அந்த வரிசையிலேயே அமைந்தன. 2006இலேயே விசேட அதிரடிப்படையினர் சிலர் தடுத்துவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். துப்பாக்கிப் பரிசோதனை அவர்களுக்கு எதிராக எதையும் காட்டவில்லை என்பது காரணம். அதே ஆண்டு இறுதியில் நீதியரசர் நிசங்க உடலாகம தலைமையில் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மூதூரில் 2006 ஆகஸ்டில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களின் வழக்கும் அதன் முன் வந்தது. விசாரணையைக் கண்காணிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதி தலைமையில் சர்வதேச நிபுணர் குழுவொன்று வந்தது. விசாரணை சர்வதேச நியமங்களுக்கு அமைய நடைபெறவில்லை என்று கூறி 2008இல் அக்குழு விலகிச் சென்றது. வெளிநாட்டிலிருந்த மனோகரன் காணொளி வழியாகச் சாட்சியமளித்தார். பின்னர் அந்த வசதியே நிறுத்தப்பட்டது.

ஆணைக்குழுவின் அறிக்கை 2009இல் ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டு, 2015 வரையில் பேழைக்குள் கிடந்தது. வெளியானபோது அது சொன்னது சிறிய விடயமன்று: சீருடை தரித்தோர் இக்குற்றத்தில் சம்பந்தப்பட்டிருந்தனர் என்று கருத வலுவான ஆதாரம் உண்டு என்பது அதன் முடிவு. அரசே நியமித்த ஆணைக்குழு அது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் இக்கொலைகள் தொடர்பில் சட்ட நடவடிக்கை தேவையெனப் பரிந்துரைத்தது.

விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. 2006இல் அப்போதைய ஜனாதிபதியின் ஆலோசகரும் சகோதரருமான பசில் ராஜபக்ஷ, இக்கொலையைச் செய்தது விசேட அதிரடிப்படை என்பது தமக்குத் தெரியும் என்றும், ஆனால் குண்டுகளும் துப்பாக்கிகளும் பொருந்தவில்லை என்றும், ஆட்களைக் கொல்ல அவர்கள் வேறு துப்பாக்கிகள் வைத்திருக்கக்கூடும் என்றும் அமெரிக்கத் தூதரிடம் கூறியதாக அத்தந்தி பதிவு செய்கின்றது. தந்தி என்பது சத்தியக் கடதாசியன்று. தூதர் கேட்டு எழுதியது மட்டுமே. ஆயினும் அந்தப் பதிவின்படி, கொழும்பில் 'யார்' என்ற கேள்வி புதிராக இருக்கவில்லை.

2013இல் விசேட அதிரடிப்படையினர் 12 பேரும் பொலிஸ் அதிகாரி ஒருவரும் கைதாகிச் சில மாதங்களில் பிணையில் வெளிவந்தனர். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லையென்று கூறித் திருகோணமலைப் பிரதம நீதவான் 13 பேரையும் விடுவித்தார். முக்கிய சாட்சிகள் நாட்டைவிட்டுப் போயிருந்தனர். சாட்சிகளைப் பாதுகாப்பதற்கான சட்டமே இலங்கையில் 2015இல்தான் இயற்றப்பட்டது; கொலை நடந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர்.

நீதவானைக் குறை சொல்லிப் பயனில்லை. நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்டதை வைத்தே தீர்க்கும். தன் முன் வைக்கப்படாமல் ஆக்கப்பட்டவை எவை என்று அது தேடிப் போகாது. படங்கள் இரண்டு நாளில் வென்றதைப் பதின்மூன்று ஆண்டுகளில் மெல்ல மெல்ல மீட்டெடுத்துக்கொண்டார்கள்.

பிற இடங்களில் நடந்தவை

இதே கேள்வியை உலகில் வேறு மூன்று கொலைகளோடு ஒப்பிடுவது பயன்தரும்.

1963 நவம்பர் 22ஆம் திகதி டல்லாஸில் ஜோன் கென்னடி கொல்லப்பட்டதை ஏபிரகாம் சப்ருடர் என்ற வணிகர் தமது 8 மில்லிமீற்றர் கமராவில் 26 செக்கன்கள் வரை பதிவு செய்தார். அச்சுருளைப் பொதுமக்கள் தேசியத் தொலைக்காட்சியில் கண்டது 1975இல்தான். அதைக் கண்டவர்கள் வாறன் ஆணைக்குழுவின் ஒற்றைக் கொலையாளி முடிவைச் சந்தேகித்தார்கள். வேறு சிலர் அதே சுருளைக் காட்டி அம்முடிவே சரியென்றார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வாதம் ஓயவில்லை. படம் தெளிவாக இருந்தது. அதற்குப் பொருள் கொள்வதில் ஒற்றுமை இல்லை.

1991 மே 21ஆம் திகதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது நடந்தது நேர்மாறு. குண்டுவெடிப்பில் இறந்த படப்பிடிப்பாளர் ஹரிபாபுவின் கமரா சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த பத்துப் படங்கள், மாலையோடு நின்ற பெண்ணையும் சிவராசனையும் காட்டிக்கொடுத்தன. கொலையாளி தரப்பு தன் ஆவணத்துக்கென எடுத்த படமே புலனாய்வாளரின் முதற் பிடியாயிற்று. படம் எவருக்காக எடுக்கப்பட்டது என்பதைப் படம் பொருட்படுத்துவதில்லை.

2007 டிசம்பர் 27ஆம் திகதி ராவல்பிண்டியில் பெனாசிர் பூட்டோ கொல்லப்பட்டார். வாகனக் கூரைத் திறப்பின் நெம்புகோலில் தலை மோதியே அவர் இறந்தார் என்று மறுநாள் பாகிஸ்தான் உள்துறை அமைச்சின் பேச்சாளர் அறிவித்தார். சில நாட்களில் வெளியான காணொளியில், ஒருவன் கைத்துப்பாக்கியால் சுடுவதும், குண்டு வெடிக்குமுன் அவரது முக்காடும் கூந்தலும் அசைவதும் தெரிந்தன. அரச அறிக்கை ஆட்டங்கண்டது. ஆனால் அங்கே பிரேத பரிசோதனை நடத்தப்படவில்லை. கொலை நடந்த இடம் இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவப்பட்டது. பின்னர் வந்த ஸ்கொட்லாந்து யார்ட் குழு, வெடிப்பின் அதிர்வில் தலை மோதியதே மரணத்துக்குக் காரணமென்றது. சூடு நடந்ததைக் காணொளி நிறுவியது. சூடு பட்டதை அதனால் நிறுவ முடியவில்லை.

திருகோணமலையை இவற்றோடு வைத்துப் பாருங்கள். ராவல்பிண்டியில் காணொளி இருந்தது, உடற்கூற்று அறிக்கை இல்லை. திருகோணமலையில் இரண்டும் இருந்தன, ஒன்றையொன்று உறுதி செய்தன. மரணத்தின் முறை பற்றிய மட்டில், உலகப் புகழ்பெற்ற அக்கொலைகளைவிட எங்கள் கடற்கரைக் கொலை தெளிவாக நிறுவப்பட்டது. அப்படியிருந்தும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆதாரக் குறைவே நீதி கிடைக்காமைக்குக் காரணம் என்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

வெருகல் ஆற்றங்கரை

இங்கேயே நிறுத்தினால் நம்மவருக்கு இனிக்கும் கட்டுரையாக இது முடியும். ஆனால் அதே மாவட்டத்தின் தெற்கு எல்லையில் வெருகல் இருக்கின்றது. மகாவலியின் கிளை கடலோடு கலக்கும் இடம். சித்திரவேலாயுதர் கோயில் கொண்ட ஊர். ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு மாவட்டம்.

2004 மார்ச் மாதம் கருணா விடுதலைப் புலிகளிடமிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9ஆம் திகதி, புனித வெள்ளியன்று, வன்னியிலிருந்து வந்த புலிகளின் அணிகள் வெருகலில் கருணா தரப்பைத் தாக்கின. இரு பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள். பலர் சிறுவர்கள், பலர் பெண்கள். நேற்றுவரை ஒரே முகாமில் ஒரே பானைச் சோறு உண்டவர்கள். சரணடைந்த பின்னரும் சிலர் கொல்லப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. இன்றுவரை ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு தரப்பு அங்கே நினைவுநாள் கடைப்பிடிக்கின்றது. மறு தரப்பு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அங்கே ஒரு சுகிர்தராஜன் இருக்கவில்லை. பிரேத அறையும் இல்லை, சட்ட வைத்திய அதிகாரியும் இல்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதில்கூடத் தரப்புக்கு ஒரு கணக்கு. எப்படி இறந்தனர் என்ற முதற் கேள்வியே அங்கே விடையின்றிக் கிடக்கின்றது. இறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு, காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. கேட்பதற்கு ஓர் ஆணைக்குழுவும் இல்லை. உத்தியோகபூர்வக் கூற்று என்பது அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. இயக்கங்களும் அறிக்கை வெளியிட்டன. நாமும் அவற்றைத் தலைப்பாக்கினோம். காந்தி சிலையடியில் நாம் கேட்ட கேள்வியை வெருகல் ஆற்றங்கரையில் கேட்க மறுத்தால், நாம் கேட்டது நீதி அன்று, பக்கம் சார்ந்த வழக்கு மட்டுமே என்று எதிரி சொல்வான். அவன் சொல்வதற்கு நாமே இடங்கொடுத்தவர்களாவோம்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கமரா இருக்கின்றது. இல்லாத காட்சியை உண்டாக்கும் கருவிகளும் அதே கையில் இருக்கின்றன. ஆகவே படம் எடுத்தவர் யார், எங்கே, எப்போது, எடுத்தபின் எவர் கைமாறியது என்ற விபரங்கள் படத்தைப்போலவே பெறுமதியானவை. சுகிர்தராஜனின் படங்களை மறுக்க முடியாமற் போனதற்குக் காரணம் அவை கோரமானவை என்பதன்று. எடுத்தவர் பெயர் தெரிந்திருந்தது, இடமும் நாளும் தெரிந்திருந்தன, வைத்தியரின் அறிக்கை அவற்றோடு பொருந்தியது. அவற்றை வைத்து எவரும் காட்டியதற்கு மேலாக எதையும் சொல்லிச் சேர்க்கவில்லை.

இளைய செய்தியாளர்களுக்கும், கைத்தொலைபேசியோடு தெருவில் நிற்கும் எவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. படம் காட்டுவதை மட்டும் சொல்லுங்கள். ஆனால் அதை முழுமையாகச் சொல்லுங்கள். நாளும் இடமும் எழுதி வையுங்கள். மூலப் பிரதியை ஒருவரிடம் மட்டும் விட்டு வைக்காதீர்கள். படத்தால் சொல்ல முடியாத 'யார்' என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய மனிதர்களை உயிரோடும் அச்சமின்றியும் வைத்திருப்பது சமூகத்தின் வேலை. 2006இல் ஒரு மனிதர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார். முடியாமற் கிடப்பது மற்றவர்களின் பங்கு.